மத்தியானத் திருத்தம்

"கடைசியா ஒரே ஒரு கேள்வி மேடம். ஏழு வருஷத்துக்கு முன்னாடி நடந்த அந்த விபத்து..."

வானொலி அறிவிப்பாளர் மைக்கை இரண்டு அங்குலம் நெருக்கினார். கேட்கக் கூடாததைக் கேட்கும்போது மட்டும் இவர் குரலில் தேன் சுரக்கும்.

அவள் எதிர்பார்த்த கேள்விதான். ஏழு வருடமாக யார் பேட்டி எடுத்தாலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்பார்கள். பதிலும் தயார். இஸ்திரி போட்ட சட்டையை மடிப்புக் கலையாமல் எடுத்து நீட்டுவதுபோலச் சொன்னாள்.

"வாசிக்கிறவங்களும் மனுஷங்கதானே. எண்ணிக்கை தப்பும். என் தம்பி ரெண்டு கட்டம் முன்னாடியே ஊதிட்டான். நான் அவனை எப்பவோ மன்னிச்சுட்டேன்."

"பிரமாதம். உங்க உருப்படி முடிஞ்சு கைதட்டல் அடங்கினதும் இதைப் போடறோம். ரெண்டு நிமிஷம் இருபது செகண்டு. கூடாது, குறையாது."

மணி மூன்று இருபது. நான்கு மணிக்கு நேரடி ஒலிபரப்பு.

அவள் இசையமைப்பாளர். சினிமாவுக்கு அல்ல. எழுபது பேர் மேடையில் உட்கார்ந்து தாளைப் பார்த்து வாசிக்கும் பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதுகிறவள். அந்த எழுபது பேருக்கும் முழு இசை தெரியாது. ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் பங்கு மட்டும் எழுதிய தாள் இருக்கும். மொத்தத்தையும் அறிந்தவர்கள் இரண்டே பேர்: எழுதிய இவளும், கையில் கோலோடு நின்று நடத்தும் கண்டக்டரும்.

விபத்து என்று அறிவிப்பாளர் நாசூக்காகச் சொன்ன கதை இதுதான். ஏழு வருடத்துக்கு முன் இவளுடைய பெரிய உருப்படி ஒன்று அரங்கேறியது. அதன் உச்சத்தில் மொத்தக் குழுவும் சட்டென்று நின்றுவிடும். மூச்சு விடாத மௌனம். நான்கு தட்டு ஒரு கட்டம் என்று, ஐந்து கட்டம் அப்படியே மௌனம். பிறகு மேடைக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து ஒரே ஒரு டிரம்பெட் வர வேண்டும். அதை ஊத வேண்டியவன் அவள் தம்பி.

மூன்றாவது கட்டம் முடிந்ததுமே ஊதிவிட்டான்.

புல்லாங்குழல்காரர் பதறி அவரும் ஆரம்பித்தார். அவரைப் பார்த்து வயலின்களில் பாதி. பத்தே நொடியில் மேடை சந்தைக்கடை. கண்டக்டர் கோலைக் கீழே வைத்தார். முன்வரிசையில் யாரோ சிரித்தது உட்பட எல்லாம் நேரடி ஒலிபரப்பில் போயிற்று.

அதன் பிறகு எந்தக் குழுவும் அவளிடம் பெரிய உருப்படி கேட்கவில்லை. நாலு பேர் வாசிக்கிற சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதிக் காலம் தள்ளினாள். தம்பியின் கதை இன்னும் மோசம். குழுவிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வாத்தியக்காரர்கள் வட்டாரத்தில் அவனுக்கு 'ரெண்டு' என்று பெயர் விழுந்தது. ரெண்டு கட்டம் தவறியவன். இப்போது வாத்தியம் பழுதுபார்க்கும் கடையில் நசுங்கின ஊதுகுழல்களுக்கு ஒடுக்கெடுக்கிறான்.

அக்காவும் தம்பியும் பேசி ஏழு வருடம் ஆயிற்று. அம்மாவைப் பார்க்க இவள் சனிக்கிழமை போவாள், அவன் ஞாயிற்றுக்கிழமை. அம்மா கேலண்டரில் அதற்கென்று இரண்டு வண்ணம் வைத்திருந்தாள்.

இன்றைய புது உருப்படியிலும் மேடைக்கு வெளியே ஒரு டிரம்பெட் உண்டு. சூடு பட்ட இடத்திலேயே மறுபடி கை வைக்கிற புத்தி அவளுக்கு. அதை ஊத வேண்டியவருக்கு நாலு நாள் முன்பு கடைவாய்ப்பல் பிடுங்கிவிட்டார்கள். கண்டக்டர் யாரையும் கேட்காமல் தம்பியைக் கூப்பிட்டுவிட்டார்.

"வேற ஆளே கிடைக்கலையா சார்?"

"கிடைச்சாங்க. இவ்வளவு மெதுவா, நடுக்கமில்லாம ஊதுற ஆள் கிடைக்கலை."

"மறுபடி தப்பினா?"

"தப்பினா உங்க ரெண்டு பேருக்குமே இதுதான் கடைசி. அது அவருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் வந்திருக்காரு."

நேற்றைய முழு ஒத்திகையில் தம்பி வந்தான். அவளைப் பார்த்துத் தலையை அரை அங்குலம் அசைத்தான். பின்படிக்கட்டில் நின்று ஊதினான். ஊசி விழுந்த மாதிரி சரியான இடம். யாரிடமும் பேசாமல் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டான். அவள் அவன் முதுகை மட்டும் பார்த்தாள். இன்றைக்கும் இப்படியே ஊதிவிட்டால் போதும், கடவுளே.

ஆனால் இன்று மத்தியானம் அவள் ஒரு திருத்தம் செய்தாள்.

இது அவளுடைய பழைய வியாதி. அரங்கேறும் நாளன்று மத்தியானம் சின்ன ஒத்திகை ஒன்று உண்டு. எல்லாரும் கொட்டாவி விட்டுக்கொண்டு வருவார்கள். அப்போதுதான் இவளுக்கு ஏதாவது உறுத்தும். கையில் ரப்பரோடு மேடையேறி வாத்தியக்காரர்களின் தாள்களில் அழித்து எழுதுவாள். குழுவில் இவளுக்கு 'ரப்பர் மேடம்' என்று பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள்.

இன்று உறுத்தியது ஓபோ. புல்லாங்குழலின் மூக்கடைத்த தங்கை மாதிரி ஒலிக்கும் அந்தக் குழல், டிரம்பெட் வருவதற்கு முன் பன்னிரண்டு கட்டம் ஒரு மெட்டு வாசிக்கும்.

"அந்த மெட்டே வேண்டாம் சார்," என்றாள் கண்டக்டரிடம். "டிரம்பெட் எங்கிருந்து வருதுன்னு தெரியாம வரணும். இது முன்னாலேயே வந்து கதவைத் தட்டிட்டுப் போகுது."

கண்டக்டர் யோசித்தார். "அப்போ அந்த இடத்துல?"

"பன்னிரண்டையும் எடுத்துருங்க. கீழ் ஸ்தாயித் தந்தி வாத்தியங்கள் மட்டும் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சுட்டு நிக்கட்டும். அதுக்குள்ள இருந்து டிரம்பெட்."

எழுபது பேரும் பென்சிலால் கோடு போட்டார்கள். ஓபோக்காரி, "நல்லவேளை, எனக்கு மூச்சு மிச்சம்," என்று சிரித்தாள். டிரம்பெட் பங்கை அப்போதைக்குக் கண்டக்டரே வாயால் முனகிக் காட்டினார். நேற்று நன்றாக ஊதியவரை மத்தியானம் எதற்கு வரவழைக்க வேண்டும் என்று தம்பியை யாரும் கூப்பிடவில்லை.

தந்திகளுக்குள்ளிருந்து அந்த முனகல் எழுந்தபோது அவளுக்குப் புல்லரித்தது. இதுதான். இந்த இடத்துக்காகத்தான் இரண்டு வருடம் எழுதினேன்.

மணி நான்கு பன்னிரண்டு.

அரங்கு நிரம்பியிருந்தது. உருப்படி தொடங்கிப் பதினோரு நிமிடம் ஆகிவிட்டது. எங்கும் சறுக்கல் இல்லை. ஐந்தாவது வரிசை நடுவில் அவள் விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கணவர். பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லித்தருபவர். அவருக்கு ஸ்வரம் தெரியாது, பக்கம் தெரியும். மனைவியின் முழுப் பிரதியை மடியில் விரித்து, வரைபடத்தில் ஆற்றைத் தொடர்வதுபோல விரலால் தொடர்ந்துகொண்டே வருவார். நடுநடுவே இன்னும் எத்தனை பக்கம் பாக்கி என்று முன்னால் புரட்டிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து திட்டியும் போகவில்லை.

இப்போதும் புரட்டினார். அது பழைய பிரதி, மத்தியானத் திருத்தம் ஏறாதது. அவருடைய கட்டைவிரல் வந்து நின்ற இடத்தில் டிரம்பெட்டின் வரி இருந்தது.

அவள் தற்செயலாகப் பார்த்தாள். அவர் கட்டைவிரலை நகர்த்திவிட்டு அந்த வரியை மறுபடி படித்தாள்.

இருநூற்றுச் சொச்சம் கட்டம் சும்மா நிற்க வேண்டிய வாத்தியம் டிரம்பெட். அவ்வளவு நேரம் எண்ணிக்கொண்டு நின்றால் யாருக்கும் தப்பும். அதனால் அதன் தாளில், நுழைய வேண்டிய இடத்துக்கு முன்னால், வேறொரு வாத்தியத்தின் மெட்டைப் பொடி எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். ஊதுவதற்கு அல்ல, அடையாளத்துக்கு. இந்த மெட்டு காதில் விழுந்தால் அடுத்தது நீ என்று சொல்லும் கைகாட்டி மரம்.

தம்பியின் தாளில் அவள் போட்டுக் கொடுத்திருந்த கைகாட்டி, ஓபோ.

இன்று மத்தியானம் அவள் வெட்டி எறிந்த அதே ஓபோ.

வராத மெட்டுக்காக அவன் படிக்கட்டில் காத்துக்கொண்டு நிற்பான். தந்திகள் ஒரே ஸ்வரத்தை இழுத்துக்கொண்டு நிற்கும். டிரம்பெட் வராது. மேடை நிற்கும். நாடு கேட்கும். நாளைக் காலையில் எல்லாரும் சொல்லப்போவது ஒன்றே ஒன்று: ரெண்டு மறுபடி தவறிட்டான்.

யாராவது அவனிடம் சொல்லியிருப்பார்களா? தாள் அறைப் பெரியவர், எல்லாரும் 'பென்சில்' என்று கூப்பிடுகிறவர், சொல்லியிருப்பார். தாள்களுக்குப் பொறுப்பு அவர்தானே. கட்டாயம் சொல்லியிருப்பார். சொல்லியிருக்காவிட்டால்?

டிரம்பெட்டுக்கு இன்னும் ஆறு நிமிடம்.

அவள் எழுந்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" கணவர் வாயசைத்தார்.

அவள் பதினோரு ஜோடி முழங்கால்களைத் தாண்டி வெளியே வந்தாள். தான் எழுதிய இசை அரங்கேறும்போது நடுவில் எழுந்து போகிற முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். விமர்சகர் ஒருவர் குறிப்பேட்டில் ஏதோ கிறுக்கினார். கிறுக்கட்டும்.

கதவருகே நின்ற பெண் கிசுகிசுத்தாள். "வெளியே போனா முடியற வரைக்கும் உள்ள விட மாட்டோம்."

"விட வேண்டாம்."

நடைபாதையில் இரண்டு தூணுக்கு ஒன்றாக ஒலிபெருக்கி. நேரடி ஒலிபரப்பு அதில் வந்துகொண்டிருந்தது. கடிகாரம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் எழுதிய இசைதான் கடிகாரம். இதோ பெரிய முரசு இரண்டு முறை உறுமிற்று. அப்படியானால் இன்னும் எண்பத்து நாலு கட்டம். குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில் ஓடி எத்தனை காலம்.

மேடைப்பக்கம் போகும் வழியில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"பாஸ்?"

"உள்ள இருக்கு. கைப்பையில. நான்தான் இதை எழுதினவ."

"எதை?"

"இப்போ கேக்குதே, இதை. நான் இசையமைப்பாளர்."

காவலாளி ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார். அவளைப் பார்த்தார். "எந்தப் படம்?"

"படம் இல்லைங்க."

"படம் இல்லாமலா இத்தனை பேரு வாசிக்கிறாங்க?"

அவள் அவர் தலைக்குப் பின்னால் சுவரொட்டியைக் காட்டினாள். அதில் அவள் முகம் இருந்தது. காவலாளி திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாக ஒப்பிட்டார்.

"இதுல வயசு கம்மியா இருக்கே."

"ஏழு வருஷத்துக்கு முந்தின போட்டோ. கையை எடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எடுத்தார். வயலின்கள் மேலே ஏறத் தொடங்கியிருந்தன. அறுபது கட்டம்.

மேடைக்கு அடியில் தாள் அறை. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க உறை, உறை முழுக்கத் தாள். நடுவில் பென்சில் உட்கார்ந்திருந்தார். காதுமடலில் பென்சிலோடு பிறந்தவர் மாதிரி இருப்பார், அதனால் அந்தப் பெயர். ஓய்வுபெற இன்னும் ஐந்து மாதம். அவளைப் பார்த்ததும் தேய்ந்துபோன முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மேடம், நீங்க இங்க..."

"அண்ணே, மத்தியானம் வெட்டினதை என் தம்பிகிட்ட சொன்னீங்களா?"

அவர் காதிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்தார்.

"சொன்னீங்களா, இல்லையா?"

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு... அக்கா தம்பிதானே மேடம்."

"நாங்க பேசறதில்லைன்னு ஊருக்கே தெரியும்."

"தெரியும். அதுக்காக இதுகூடவா பேசாம இருப்பீங்க?" அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. "மேல கண்டக்டர் கையைக் காட்டற சின்ன டி.வி. ஒண்ணு இருந்துச்சு. ரேடியோக்காரங்க மைக்ல அது இரையுதுன்னு கழட்டிட்டாங்க. அப்பகூடத் தம்பி சொன்னாரு, 'பரவாயில்லை, ஓபோ இருக்கே, அதைக் கேட்டு வந்துடுவேன்'னு. நானும் சரின்னு தலையாட்டிட்டேன் மேடம். வெட்டினது அந்த நேரம் எனக்கு ஞாபகமே வரலை."

"மேல இருக்கிற கதவு?"

"பூட்டியிருக்கும். சாவி இருக்கு." அவர் மேஜை இழுப்பறையைத் துழாவினார். சாவிக்கொத்து இரண்டு முறை நழுவி விழுந்தது. "போன தடவையும் இப்படித்தான் நீங்க சொல்லிடுவீங்கன்னு..."

நிறுத்திக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"போன தடவை என்ன?"

ஒலிபெருக்கியில் வயலின்கள் உச்சியில் நின்று இறங்கத் தொடங்கின. நாற்பது.

"அண்ணே, போன தடவை என்ன?"

பென்சில் சாவியை நீட்டியபடியே தரையைப் பார்த்துப் பேசினார். "அன்னைக்கும் மத்தியானம் நீங்க ரப்பரோட வந்தீங்க. அந்த மௌனம் முதல்ல மூணு கட்டம்தான். நீங்கதான் போதாதுன்னு அஞ்சாக்கினீங்க. மேடையில எல்லாரும் மாத்திக்கிட்டாங்க. தம்பி வெளியே நிக்கிறவரு. அவரு தாள்ல மூணுதான் இருந்துச்சு. நிகழ்ச்சி முடிஞ்சு தாளை அடுக்கறப்போதான் பார்த்தேன்."

அவள் காதுக்குள் இரைந்தது. ஆமாம். மூன்று. முதலில் மூன்றுதான். அவளே அதை மறந்து போயிருந்தாள்.

"பார்த்துட்டு?"

"என் வேலை போயிடும்னு பயம். மூணை அழிச்சு அஞ்சுன்னு எழுதி வெச்சுட்டேன். மறுநாள் தம்பி வந்து தாளைக் காட்டுங்கன்னாரு. காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாரு. ஒண்ணும் பேசாமப் போயிட்டாரு."

அவள் அவரை ஓங்கி அறைந்திருப்பாள். நேரம் இல்லை. இன்னொன்றும் இருந்தது: அறைவதற்கு இவளுக்கு யோக்கியதை இல்லை. மூன்றை ஐந்தாக்கியது யார்? இவள். சொல்ல வேண்டியது யார்? இவள். 'எண்ணிக்கை தப்பும்' என்று ஏழு வருடமாக மைக் மைக்காகச் சொன்னது யார்?

இன்னும் சற்று நேரத்தில் அதையே வானொலி மறுபடி சொல்லப்போகிறது. கூடாது, குறையாது, இரண்டு நிமிடம் இருபது நொடி.

சாவியைப் பிடுங்கினாள். பென்சில் தன் காதிலிருந்து பென்சிலை எடுத்து அவள் கையில் திணித்தார். அது அந்தக் காதைவிட்டு இறங்கி அவள் பார்த்ததேயில்லை.

"மேல மைக் தொங்குது மேடம். ஒரு வார்த்தை பேசினாலும் நேரா ஒலிபரப்புல போயிடும்."

மூன்று மாடி. நாற்பத்தாறு படி. வெறுங்காலோடு ஏறினாள். இரண்டாவது மாடியில் விலா பிடித்துக்கொண்டது. இருபத்தைந்து கட்டம். இருபது. பூட்டுக்குள் சாவியைச் சத்தமில்லாமல் திருகினாள். பன்னிரண்டு.

கதவைத் திறந்தாள்.

மேல்தளம் ஒரு சின்ன அறை அளவுதான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு தாங்கியில் தாள், அதன்மேல் கவ்வி விளக்கு. கூரையிலிருந்து மைக் கறுப்பாகத் தொங்கியது. மேடைப்பக்கக் கதவு நான்கு விரல் அகலம் திறந்திருக்க, அந்த இடுக்கில் காதை வைத்துக் கண்ணை மூடி நின்றிருந்தான் தம்பி. டிரம்பெட் மார்போடு அணைந்திருந்தது. தலையில் நரை. ஏழு வருடத்தில் இவ்வளவு நரை.

காற்று அசைந்ததை உணர்ந்து கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். முகம் கல்லாயிற்று.

அவன் என்ன நினைக்கிறான் என்று அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. மேற்பார்வை பார்க்க வந்துட்டியா? நான் தப்பு பண்றேனான்னு பக்கத்துல நின்னு பார்க்கணுமா?

முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

மேடையில் எல்லாம் அடங்கியது. கீழ்த் தந்திகள் மட்டும் ஒரே ஒரு ஸ்வரத்தைத் தொட்டன. தொட்டுப் பிடித்துக்கொண்டன.

இப்போது. இந்த ஸ்வரத்தில் எட்டுத் தட்டுக்குள் அவன் வர வேண்டும். அவனோ ஓபோ வரட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான்.

தோளைத் தொட்டால் திடுக்கிட்டு டிரம்பெட் எதிலாவது இடிக்கும். கூப்பிட்டால் நாடே கேட்கும். அவள் கேபிளைத் தாண்டி முன்னால் போய், அவனுக்கும் கதவுக்கும் நடுவே நின்றாள். அவன் கண்ணில் நெருப்பு. அவள் தாங்கியில் இருந்த தாளை விளக்குக்கு நேராகத் திருப்பினாள். பொடி எழுத்தில் இருந்த ஓபோ மெட்டின்மேல், முதல் கட்டத்திலிருந்து பன்னிரண்டாவது வரை, பென்சிலால் ஒரே கோடு இழுத்தாள்.

அவன் பார்த்தான். புருவம் நெரிந்தது. அவள் கையிலிருந்து பென்சிலை வாங்கிக் கோட்டின் மேல் ஒரு கேள்விக்குறி போட்டான்.

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம். ஓபோ இல்லை.

எட்டுத் தட்டு முடிந்துவிட்டது. தந்திகள் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தன. கண்டக்டர் இழுக்கிறார். ஆனால் வில்லுக்கு ஒரு நீளம்தான் உண்டு. இழுத்து முடித்தவர்கள் ஒவ்வொருவராக வில்லை மாற்ற, ஸ்வரத்தின் ஓரம் லேசாக நடுங்கத் தொடங்கியது. அரங்கில் யாரோ இருமினார்கள். ஏழு வருடம் முன்பு அந்தச் சிரிப்பும் இப்படி ஒரு இருமலில்தான் ஆரம்பித்தது.

அவள் தன் மார்பைத் தொட்டுக் கையை உயர்த்தினாள். என் கையைப் பார்.

அவன் பார்த்தான். அந்தக் கையை நம்பலாமா என்று பார்த்தான். அவளுக்கு அது ஒரு யுகம். பிறகு உதட்டை நனைத்தான். டிரம்பெட் மேலே வந்தது.

நான்கு விரல். மூன்று. இரண்டு. ஒன்று.

அது எங்கிருந்து வந்தது என்று அரங்கில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தந்திகளின் நடுக்கத்துக்குள் ஒரு வெளிச்சம் தானாகக் கசிந்த மாதிரி வந்தது. அவ்வளவு மெல்லியது. அவள் இரண்டு அடி தூரத்தில் நின்றும், அது அவன் வாயிலிருந்து வருவதாகத் தோன்றவில்லை. மத்தியானம் கண்டக்டர் முனகியது இதன் நிழல்கூட இல்லை.

நாற்பது நொடி. ஊதி முடித்து டிரம்பெட்டை இறக்கினான். கதவுக்கு அப்பால் மொத்தக் குழுவும் அலையாக எழுந்தது. கடைசிப் பகுதி. இனி நான்கரை நிமிடம் அவனுக்கு வேலை இல்லை. மைக் மட்டும் இருவர் தலைக்கு மேலும் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் எழுதினான்.

எப்போ?

அவள் வாங்கிக் கீழே எழுதினாள். மத்தியானம்.

அந்த ஒரு வார்த்தையை அவன் வெகுநேரம் பார்த்தான். முரசுகள் உறுமி ஓய்ந்தன. பென்சில் மறுபடி நகர்ந்தது.

அன்னைக்கு?

பொய் சொல்வது சுலபம். ஒரு தலையசைப்பு போதும். தாளில் இருந்தது ஐந்து என்று அவனே கண்ணால் பார்த்திருக்கிறான். உலகத்தில் இன்னொரு சாட்சி கிடையாது, கீழே முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவரைத் தவிர. அவரும் இன்னும் ஐந்து மாதத்தில் வீட்டுக்குப் போய்விடுவார்.

அன்னைக்கும் மத்தியானம்தான், என்று எழுதினாள். அதன் கீழே: உன் தாள்ல மூணு. மேடையில அஞ்சு. மாத்தினது நான். சொல்லாததும் நான்.

அவன் முகத்தைப் பார்க்க நின்றிருந்தால் அழுதிருப்பாள். பார்க்கவில்லை. திரும்பிப் படியிறங்கி ஓடினாள்.

கைதட்டல் ஒலிபெருக்கிகளைக் கிழித்துக்கொண்டிருந்தது. மேடையோரத்தில் மேடை நிர்வாகி, "மேடம், எங்க போயிட்டீங்க, கண்டக்டர் உங்களைத்தான் தேடறாரு, மேல போங்க," என்று கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறிவிட்டு எதிர்ப்பக்கம் இருந்த கண்ணாடி அறைக் கதவைத் தள்ளினாள். வானொலி அறிவிப்பாளர் ஒரு பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு, கைதட்டல் அடங்கக் காத்திருந்தார்.

"அந்தப் பேட்டியைப் போடாதீங்க."

"மேடம், ரெண்டு நிமிஷம் இருபது செகண்டு, அளந்து வெட்டி..."

"அதே ரெண்டு நிமிஷம் இருபது செகண்டு நான் நேர்ல பேசறேன். அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் கேளுங்க."

அறிவிப்பாளர் அவள் வெறுங்காலைப் பார்த்தார். கையில் செருப்பைப் பார்த்தார். இருபது வருட அனுபவம் உள்ள மனிதர். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு மைக்கைத் திருப்பினார். தேன் எதுவும் இல்லாத குரலில் கேட்டார்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி நடந்த விபத்து. என்ன நடந்துச்சு?"

"தப்பு என்னோடது," என்றாள் அவள். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. "அன்னைக்கு மத்தியானம் மூணு கட்டத்தை அஞ்சா மாத்தினேன். எழுபது பேருக்குச் சொன்னேன். எழுபத்தோராவது ஆளுக்குச் சொல்லலை. அவன் தன் தாள்ல இருந்ததை இம்மி பிசகாம ஊதினான். எண்ணத் தெரியாதவன்னு அவன் பேரைக் கெடுத்தது நான். மன்னிச்சுட்டேன்னு வேற இத்தனை வருஷம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இன்னைக்கும் அதே தப்பைப் பண்ணேன். இப்போ நீங்க கேட்ட டிரம்பெட், நான் பண்ணின குளறுபடிக்கு நடுவுல அவன் ஊதினது. இனிமே எந்த உருப்படியிலயும் நான் ரப்பர் எடுத்தா, முதல்ல கேளுங்க, வெளியே நிக்கிறவருக்குச் சொல்லியாச்சான்னு. அவ்வளவுதான்."

அறிவிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒன்றரை நிமிடம் மிச்சம் இருந்தது. அதை எப்படி நிரப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒலிபரப்பில் சும்மா இருந்தார்.

அவள் மறுபடி நாற்பத்தாறு படி ஏறினாள். இப்போது மெதுவாக.

தம்பி கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தான். டிரம்பெட் மடியில் கிடந்தது. சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. சுவரில் இருந்த ஒலிபெருக்கி வழியாக எல்லாவற்றையும் கேட்டிருப்பான். அவள் இரண்டு படி கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு நிமிஷத்துல சொல்லி முடிச்சுட்டே," என்றான்.

"ம்."

"எனக்கு ஏழு வருஷம் ஆச்சு."

அவன் டிரம்பெட்டைச் சாய்த்து உள்ளே தேங்கிய நீரைத் துணியில் வடித்தான்.

"ராத்திரி தூக்கத்துல எண்ணுவேன் அக்கா. ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு. என் வீட்டுக்காரி சொல்லுவா, பல்லைக் கடிக்காதீங்கன்னு. பல்லைக் கடிக்கலை, எண்ணிட்டிருந்தேன்."

"தெரியாதுடா."

"தெரியாதுதான்." துணியை மடித்தான். "நாளைக்கு மறுபடி இதே உருப்படி உண்டுல்ல?"

"உண்டு. ஆறு மணிக்கு."

"மத்தியானம் ஏதாவது மாத்தப் போறியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். இன்றைக்கு இது போதும் என்று நினைத்தாள். வாய் கேட்கவில்லை.

"உனக்கு அடுத்தாப்ல வர்ற அந்த முரசு... கொஞ்சம் முந்துது."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். சிரிப்பு வந்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்தது நன்றாகவே தெரிந்தது.

"எத்தனை மணிக்கு வரணும்?"

"ஒண்ணரை."

"ஒண்ணரை," என்றான். பிறகு முகம் மாறியது. மடியிலிருந்த டிரம்பெட்டை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தான். "ஒண்ணு மட்டும் புரியலை. மறுநாளே போய்த் தாளைப் பார்த்தேன். என் கண்ணால பார்த்தேன். அஞ்சுன்னுதான் இருந்துச்சு. அதனாலதான் நான் எதுவுமே..."

கீழே படிக்கட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ ஏறி வருகிறார்கள். ஒரு படி. ஒரு பெருமூச்சு. இன்னொரு படி. முழங்கால் தேய்ந்துபோன நடை.

"அதைச் சொல்லத்தான் ஒருத்தர் வந்துட்டிருக்காரு," என்றாள். "நான் கூப்பிடலை. அவராத்தான் வர்றாரு."

தம்பி கைப்பிடி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தான். பிறகு பெட்டியை ஓரமாக நகர்த்தி, வருகிறவர் உட்கார ஒரு படி இடம் விட்டான்.